அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய நாற்பது ஆண்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, தென் மாநிலங்களில் ஏற்கெனவே உள்ள அடிமை முறையில் கை வைக்கப் போவதில்லை என்று லிங்கனே சொல்லியிருக்கிறார். பிறகு ஏன் போர் மூண்டது?

பதில்: தகராறு பெரும்பாலும் மேற்கே புதிதாகக் குடியேற்றம் நடந்த, இன்னும் மாநிலமாகாத பிரதேசங்களைச் சுற்றியே நடந்தது. மக்கள்தொகையில் வடக்கு முந்திவிட்டதால், மாநிலத்துக்கு இருவர் என்ற கணக்கில் அமைந்த செனட் சபைதான் தெற்குக்கு மிஞ்சிய அரண். 1819 முடிவில் அடிமை முறை உள்ள மாநிலங்கள் 11, இல்லாதவை 11 என்று சமமாக நின்ற நிலையில், அடிமை மாநிலமாகச் சேர விரும்பிய மிசௌரி அந்தச் சமநிலையைக் கலைத்தது. 1820இல் ஈடாக அடிமை முறை இல்லாத மெய்னைச் சேர்த்துக்கொண்டு, பிரான்ஸிடமிருந்து செய்த லூசியானா கொள்முதலில் கிடைத்த நிலத்தில் 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே, மிசௌரி நீங்கலாக, அடிமை முறை கூடாது என்று சமரசம் கண்டார்கள்.

கேள்வி: அந்தச் சமரசம் எப்படிக் குலைந்தது?

பதில்: சிகாகோவிலிருந்து மேற்கே ரயில் பாதை போக வேண்டும் என்று விரும்பிய செனட்டர் ஸ்டீபன் டக்ளஸ், தெற்கின் வாக்குகளைப் பெறுவதற்காக 1854இல் அந்த அட்சக்கோட்டு எல்லையையே அழித்து, கான்சஸிலும் நெப்ராஸ்காவிலும் குடியேறியவர்களே முடிவு செய்யட்டும் என்று சட்டம் கொண்டுவந்தார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 1855 மார்ச்சில் கான்சஸ் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது, சுமார் 2,900 வாக்காளர்களே இருந்த இடத்தில் 6,000க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. மிசௌரியிலிருந்து ஆயுதங்களோடு எல்லை தாண்டி வந்தவர்கள் வாக்களித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். 1856 மே 21 அன்று அடிமை எதிர்ப்பாளர்களின் லாரன்ஸ் நகரம் சூறையாடப்பட்டது. மறுநாள் வாஷிங்டனில், கான்சஸ் பற்றிக் கடுமையாகப் பேசியிருந்த செனட்டர் சார்லஸ் சம்னரைத் தென் கரோலினாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் செனட் மண்டபத்திலேயே கைத்தடி உடையும்வரை அடித்தார். தெற்கிலிருந்து புரூக்ஸுக்குப் புதிய தடிகள் பரிசாக வந்து குவிந்தன. சம்னரின் மாநிலமான மாசசூசெட்ஸோ, வர இயலாத அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்து, அவர் இருக்கையைக் காலியாக வைத்திருந்தது. என் கணிப்பில், பேசித் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை உடைந்தது இங்கேதான்.

கேள்வி: நீதிமன்றம் தலையிடவில்லையா?

பதில்: தலையிட்டு நெருப்பை வளர்த்தது. 1857இல், தன் விடுதலைக்காக வழக்காடிய அடிமையான டிரெட் ஸ்காட்டின் வழக்கில், கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்றும், பிரதேசங்களில் அடிமை முறையைத் தடுக்கக் காங்கிரஸுக்கு அதிகாரமில்லை என்றும் தலைமை நீதிபதி டேனி தீர்ப்பளித்தார். அடிமை முறை பரவாமல் தடுப்பதற்காகவே பிறந்த, லிங்கன் சார்ந்த குடியரசுக் கட்சியின் கொள்கையையே இது சட்டவிரோதமாக்கியது.

கேள்வி: தெற்கு மாநில உரிமைக்காகவே பிரிந்தது என்று படித்திருக்கிறேன். சரிதானா?

பதில்: 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் பாருங்கள். பிடிபட்டவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால், வழக்கை விசாரித்த மத்திய அரசு ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் கட்டணம். ஜூரி விசாரணை கிடையாது. வட மாநிலக் குடிமக்களும் பிடித்துக்கொடுக்க உதவியாக வேண்டும். 1854இல் பாஸ்டனில் பிடிபட்ட தப்பியோடிய அடிமை ஆண்டனி பர்ன்ஸை மத்தியப் படையினரின் காவலோடு கப்பலேற்றினார்கள். மத்திய அரசின் கையை இப்படி வலுப்படுத்தச் சொன்னது தெற்குதான். 1860 டிசம்பரில் முதலாவதாகப் பிரிந்த தென் கரோலினா தன் காரண அறிக்கையில், தப்பியோடியவர்களைத் திருப்பித் தரவிடாமல் வட மாநிலங்கள் சொந்தச் சட்டங்கள் இயற்றியதையே குற்றமாகச் சாட்டியது.