பெடிக்ரீ: கொக்கின் காலில் பிறந்த சொல்

கேள்வி: பெடிக்ரீ என்றால் நாய்த் தீனி என்றுதான் தெரியும். உண்மையான பொருள் என்ன அக்கா?

பதில்: தீனிக்குப் பெயர் வந்ததே இந்தச் சொல்லிலிருந்துதான். யார் யாருக்குப் பிறந்தார் என்று தலைமுறை வாரியாக எழுதிவைத்த வரிசை. நம்முடைய வம்சாவளி, கொடிவழி எதைப் போட்டாலும் பொருந்தும்.

கேள்வி: கொக்குக்கும் இதற்கும் சம்பந்தம் என்கிறார்களே, கட்டுக்கதையா?

பதில்: நிஜம்தான், எனக்கு ரொம்பப் பிடித்த சொல்லும்கூட. பழைய பிரெஞ்சில் பே என்றால் கால், க்ரூ என்றால் பெரிய கொக்கு. 1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையிலும் வழக்குகளிலும் பிரெஞ்சுதான் ஓடியது, அந்த வழியில் வந்தது. தந்தை பெயரை எழுதி, அதன் கீழே மூன்று கோடுகளை விரித்து இழுத்து, ஒவ்வொரு நுனியிலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதுவார்கள். ஒரு தாளில் இழுத்துப் பாருங்கள், வயல் சேற்றில் கொக்கு பதித்த தடம் அப்படியே இருக்கும். 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார்கள், ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில்.

கேள்வி: தமிழில் கால்வழி என்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: சந்ததி என்ற பொருள் ஒன்று. ஆனால் நம் சொல் தனியாகப் பிறந்தது, அதில் கொக்கு கிடையாது.

கேள்வி: அப்போ ஆன்செஸ்ட்ரி?

பதில்: முன்னோர் எல்லாருக்கும் உண்டு, அது ஆன்செஸ்ட்ரி. அதை எழுதிவைத்தால் பெடிக்ரீ. தெருநாய்க்கும் தாத்தா பாட்டி உண்டு, தாள்தான் இல்லை. இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகளுக்கு 1791-இல் வம்சாவளிப் புத்தகமே அச்சானது. மூன்று தலைமுறைக்கு எழுதினால் பெற்றோர் 2, தாத்தா பாட்டி 4, அவர்களைப் பெற்றவர்கள் 8 என்று 14 பெயர் வரும், அவ்வளவுதான் விஷயம். தயவுசெய்து 'உயர்ந்த ரத்தம்' என்று மொழிபெயர்க்காதீர்கள், படிக்கும்போதே மனசு சங்கடப்படுகிறது.

கேள்வி: மனிதர்களுக்குச் சொல்லலாமா?

பதில்: எழுத்தில் சொல்லலாம், அரசியல்வாதிக்கோ கல்லூரிக்கோ வந்தால் பின்னணி என்று அர்த்தம். நேரில் ஒருவரைப் பார்த்து 'உன் பெடிக்ரீ என்ன' என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: மரபியல் டாக்டர் எங்கள் குடும்பத்துக்குப் பெடிக்ரீ வரைந்தார். எனக்கும் கணவருக்கும் நடுவில் மட்டும் இரட்டைக் கோடு. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்படாதீர்கள் தங்கச்சி. அந்தப் படத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருப்பவருக்கு உள்ளே கருப்பு. தம்பதிக்கு நடுவே ஒரு கோடு, சொந்தத்தில் கட்டியிருந்தால் இரண்டு. நீங்கள் மாமன் மகனையோ அத்தை மகனையோ கட்டியிருப்பீர்கள், அதைத்தான் குறித்திருக்கிறார். இருவருக்கும் தாத்தா பாட்டி பொது என்றால், ஒரே மரபணுக் குறை இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைக்கு வர வாய்ப்பு கொஞ்சம் கூடும், அதனால் கவனமாகப் பார்க்கிறார்கள். அடுத்த முறை போகும்முன் பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள். சின்ன வயதிலேயே தவறிப்போன பிள்ளைகளையும் விடாமல் எழுதிக்கொண்டு போங்கள், அவர்களுக்கும் அந்தப் படத்தில் இடம் உண்டு.