நானோ மருந்து, அதாவது மிக நுண்ணிய துகளில் ஏற்றிய மருந்து, நேராகப் புற்றுநோய்க் கட்டிக்கே போய்விடுமா? அப்புறம் முப்பரிமாண அச்சில் செய்து உடலுக்குள் வைக்கும் மருந்துக் கருவி எதற்கு?

நேராகவெல்லாம் போகாது. அவசரமாக வளரும் கட்டியின் ரத்தக் குழாய்களில் இடைவெளிகள் அதிகம். சுமார் 100 நானோமீட்டர் துகள், அதாவது தலைமுடித் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு, அதன் வழியே கசிந்து உள்ளே தங்கும். 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில் இந்த வகைதான்: கொழுப்பு உறைக்குள் டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து. இதயத்துக்கு வரும் பாதிப்பு குறைந்தது, அதுவே பெரிய விஷயம். ஆனால் 2016இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், ஏற்றிய துகள்களில் கட்டியைச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம்தான்! கல்லீரலும் மண்ணீரலும் நிறையப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் வாய்க்காலில் விட்ட தண்ணீர் கடைசித் தென்னைக்குப் போவதற்குள் வழியிலேயே சுண்டிவிடும். அதனால்தான் மரத்தடியிலேயே சொட்டுநீர்க் குழாய் போட்டோம். அச்சிட்ட கருவியும் அதே யோசனைதான். கட்டியை எடுத்த இடத்தின் அளவை ஸ்கேனில் பார்த்து, உடலுக்குள் கரையும் பாலிமரில் (பிளாஸ்டிக் மாதிரியான பொருள்) மருந்தைக் கலந்து, அடுக்கடுக்காக அச்சிட்டு அங்கேயே வைப்பது. திருப்பூரில் பனியனுக்கு ஒரு கலர் மேல் இன்னொரு கலர் ஏற்றுவார்களே, கிட்டத்தட்ட அப்படி. உள்ளே விடும் துளைகளின் அளவை மாற்றினால் மருந்து கசியும் வேகமும் மாறும்.

மூளைக் கட்டியை எடுத்த இடத்தில் வைக்கும் கிளியாடெல் என்ற மருந்து வில்லை 1996லிருந்தே உண்டு. சரி, அது அச்சிட்டதல்ல. எல்லாருக்கும் ஒரே அளவு. ஆளுக்கேற்ற அச்சு மருந்து இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில்தான்.