காண்ட்ராக்டர் மாறும்போது – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தை நாலைந்து வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. ஒரு பெரிய கம்பெனியின் கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கிறேன். ஆறு வருடம் ஆகிறது. ஆனால் அந்தக் கம்பெனி ஆள் இல்லை, ஏஜென்சி ஆள். என்னைப் போல அங்கே நாற்பத்திரண்டு பேர். போன வாரம் ஷிஃப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் எங்களை நிற்கச் சொல்லி, அடுத்த மாதக் கடைசியோடு ஏஜென்சியின் காண்ட்ராக்ட் முடிகிறது, டெண்டர் வேறு ஒருவருக்குப் போய்விட்டது என்றார். "பயப்படாதீங்க, புதுசா வர்றவங்க எல்லாரையும் எடுத்துக்குவாங்க" என்றும் சொன்னார். அதை யார் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. கம்பெனி மேனேஜரிடம் போனோம். நல்ல மனிதர்தான், ஆனால் "அது உங்களுக்கும் உங்க ஏஜென்சிக்கும் உள்ள விஷயம்" என்று முடித்துக்கொண்டார்.

இப்போது ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். 'என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று அதில் இருக்கிறது. போட்டால்தான் செட்டில்மென்ட் சீக்கிரம் வரும், புது ஏஜென்சியிலும் சேர முடியும் என்கிறார்கள். சிலர் போட்டுவிட்டார்கள். நான் போடலாமா? வேறு வேலை தேடுவதா, காத்திருப்பதா? இதையெல்லாம்விட ஒரு கேள்விதான் தூங்கவிடாமல் செய்கிறது. ஆறு வருடம் உழைத்த நான் யாருடைய ஆள்?

பெயர் போடாமல் வெளியிடவும்.

ம.

*

அன்புள்ள ம.,

முதலில் கையெழுத்து. போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நீங்கள் விலகவில்லை, காண்ட்ராக்ட் முடிகிறது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், நாளைக்கு நீங்கள் ஒரு தொழிலாளர் அலுவலரின் முன்னாலோ நீதிமன்றத்திலோ போய் நிற்க வேண்டி வந்தால் உங்கள் வழக்கு முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கும். அநேகமாக எந்த நாட்டிலும், தானாக விலகியவருக்கு வேலைநீக்க இழப்பீடு கிடையாது, முன்னறிவிப்புக் காலத்துக்கான சம்பளமும் கிடையாது. வேலையிழந்தோருக்கு உதவித்தொகை தரும் நாடுகளிலும் தானாக விலகியவருக்கு அதைப் பெறுவது கடினம். செட்டில்மென்ட் என்று அவர்கள் சொல்வது நீங்கள் ஏற்கனவே வேலை செய்து சம்பாதித்த பாக்கி, எடுக்காத லீவுக்கான பணம். அதைக் கொடுப்பதற்கு உங்களிடம் ராஜினாமா வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ரொம்ப நெருக்கினால், அந்தத் தாளின் கீழேயே உங்கள் கையெழுத்தில் 'ஏஜென்சியின் காண்ட்ராக்ட் முடிவதால் கேட்கப்பட்டுக் கையெழுத்திடுகிறேன், வேலையை விட எனக்கு விருப்பமில்லை' என்று எழுதி, தேதி போட்டு, கொடுப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே போட்டவர்களும் கைவிட்டுப் போனதாக நினைக்க வேண்டாம். எந்தச் சூழ்நிலையில் போட்டோம் என்று இன்றைக்கே ஒரு மெயிலோ வாட்ஸ்அப்போ சூப்பர்வைசருக்கு அனுப்பி வைக்கட்டும். தேதியோடு இருக்கும் ஒரு செய்தி பின்னால் பல மடங்கு பேசும்.

இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. எழுத வருவதற்கு முன் நான்கு வருடம் நானும் உங்களைப் போல ஏஜென்சி ஆளாக ஒரு பெரிய அலுவலகத்தில் இருந்தேன், ஆவணங்களை ஸ்கேன் செய்து அடுக்கும் பிரிவில். மூன்றாவது வருடம் காண்ட்ராக்டர் மாறினார். கடைசி நாள் சாயங்காலம் வாசலில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்து, எங்கள் கழுத்தில் இருந்த ஐ.டி. கார்டுகளை நாடாவோடு அதில் போடச் சொன்னார்கள். நீல நாடாக்கள். மறுநாள் காலையில் அதே வாசலில் அதே மேசையில் பச்சை நாடா கொடுத்தார்கள். நாற்காலி அதே நாற்காலி, நான் பாதியில் விட்டுப்போன கட்டுக்கூட அதே இடத்தில் இருந்தது. எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு அண்ணன், எங்களில் மூத்தவர், பதினொரு வருடமாக அங்கே இருப்பவர். புது கார்டை வாங்கி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். போட்டோ சரியில்லையோ என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். 'பணியில் சேர்ந்த நாள்' என்ற இடத்தில் அன்றைய தேதி இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்கேனரைப் போட்டார். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். காகிதத்தின்படி நானும் அவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள்.

காண்ட்ராக்டர் மாறும்போது பறிபோவது எது என்று கேட்டால் நான் அந்தத் தேதியைத்தான் சொல்வேன். வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம், பல நேரம் போவதில்லை, ஏனென்றால் புதிதாக வருகிறவருக்கும் வேலை தெரிந்த ஆள் வேண்டும். ஆனால் உங்கள் ஆறு வருடம் போய்விடும். சம்பள உயர்வு, லீவு, இழப்பீடு, பணிக்கொடை (வேலையை விட்டுப் போகும்போது பணிக்காலத்தைக் கணக்கிட்டுத் தரும் கிராஜுவிட்டி) எல்லாம் அந்த வருடக் கணக்கில் தொங்குபவை. இந்தியாவில் 1972ல் வந்த பணிக்கொடைச் சட்டம் ஐந்து வருடத் தொடர் பணியைக் கேட்டது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை டெண்டர் மாறும் இடத்தில், ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்ந்ததாகக் கணக்கு எழுதினால், இருபது வருடம் ஒரே கட்டடத்தில் வேலை செய்தவர்கூட ஐந்தைத் தொடமாட்டார். அதை எதிர்த்து உரிமை கேட்கும் பாரமும் அவர் தலையில்தான் விழும், கையில் பழைய காகிதம் எதுவும் இல்லாதவர் எதைக் காட்டிக் கேட்பார்?

ஏன் மாற்றுகிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் வேலையில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வீர்கள். காவல், துப்புரவு, கிடங்கு, வாடிக்கையாளர் சேவை மாதிரியான வேலைகளில் செலவின் பெரும்பகுதி சம்பளம்தான். அதனால் ஒருவர் மற்றவரைவிடக் குறைத்து டெண்டர் போட்டு எடுக்கிறார் என்றால் அந்தக் குறைவை அவர் எங்கிருந்தோ எடுத்தாக வேண்டும்: சம்பளத்திலிருந்து, ஆள் எண்ணிக்கையிலிருந்து, அல்லது ஓவர்டைமிலிருந்து. "எல்லாரையும் எடுத்துக்கொள்வோம்" என்ற வார்த்தை உண்மையாகவே இருந்தாலும், 'என்ன சம்பளத்துக்கு, எந்த ஷிஃப்ட்டுக்கு' என்பது அதில் இல்லை. அதைத்தான் நீங்கள் கேட்க வேண்டும், எழுத்தில் கேட்க வேண்டும்.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் இந்தப் பிரச்சினை எல்லா இடத்திலும் இருக்கிறது, சில இடங்களில் இதற்குச் சட்டமும் இருக்கிறது. ஐரோப்பாவில் 1977லேயே ஒரு பொது விதி வந்தது: நிறுவனம் கைமாறினால் தொழிலாளி தன் பழைய உரிமைகளோடு புது முதலாளியிடம் போக வேண்டும். அது காண்ட்ராக்டர் மாறுவதற்கும் பொருந்துமா என்பதுதான் சிக்கல். ஜெர்மனியில் ஒரு பள்ளியைச் சுத்தம் செய்துவந்த பெண் இதைக் கேட்டு வழக்குப் போட்டார். பள்ளி பழைய காண்ட்ராக்டரை விட்டு வேறு ஒருவரிடம் வேலையைக் கொடுத்தது, இவருக்கு வேலை போனது. 1997ல் ஐரோப்பிய நீதிமன்றம், காண்ட்ராக்ட் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதால் மட்டுமே அது கைமாற்றம் ஆகிவிடாது என்றது. புதியவர் பழைய ஆட்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டால் ஆகலாம் என்றும் சொன்னது. இதை யோசித்துப் பாருங்கள். ஆட்களை எடுத்துக்கொள்பவருக்குப் பொறுப்பு வருகிறது, யாரையும் எடுக்காதவர் தப்பித்துக்கொள்கிறார். வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிற தீர்ப்பு அது.

பிரிட்டன் இந்த ஓட்டையை 2006ல் அடைத்தது. ஒரு வாடிக்கையாளருக்கென்றே ஒரு குழு வேலை செய்து, அந்த வேலை வேறு காண்ட்ராக்டருக்குப் போனால், அந்தக் குழு அதே சம்பளம், அதே நிபந்தனைகள், அதே சேர்ந்த தேதியோடு தானாகவே புதியவரிடம் போய்விடும். எடுத்துக்கொள்ள விருப்பமா என்று அவரை யாரும் கேட்பதில்லை. பழைய காண்ட்ராக்டர் குறைந்தது 28 நாளுக்கு முன்பே ஆட்களின் விவரத்தைப் புதியவரிடம் கொடுத்தாக வேண்டும். நியூயார்க் நகரத்தில் 2002ல் வந்த சட்டம் இவ்வளவு தூரம் போகவில்லை. கட்டடக் காவலர்கள், துப்புரவாளர்கள் போன்றவர்களைப் புது காண்ட்ராக்டர் 90 நாளாவது வைத்திருக்க வேண்டும் என்றது. ஆனாலும் அந்த 90 நாளில் உங்கள் வேலையை அவர் நேரில் பார்த்துவிடுகிறார். அதுவே பலரைக் காப்பாற்றும்.

இந்தியாவில் இப்படித் தானாக மாறும் உரிமை கிடையாது. 1970ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது: காண்ட்ராக்டர் சம்பளம் தராவிட்டால் வேலை வாங்கிய கம்பெனியே தர வேண்டும். ஆனால் ஒரு வேலையில் ஒப்பந்த முறையையே அரசு தடை செய்தாலும் அங்கிருந்த ஆட்கள் தானாகக் கம்பெனி ஊழியர்கள் ஆகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2001ல் சொல்லிவிட்டது. காண்ட்ராக்ட் என்பதே வெறும் கண்துடைப்பு, உண்மையில் மேய்ப்பது கம்பெனிதான் என்று நிரூபித்தால் மட்டும் கதை வேறு. அதற்குச் சாட்சியம் வேண்டும். யார் உங்களுக்கு வேலை சொன்னது, யார் லீவு கொடுத்தது, யார் மெயில் அனுப்பியது என்பதெல்லாம் சாட்சியம்தான்.

சரி, உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் யாருடைய ஆள்? மேனேஜர் சொன்ன பதிலில் எனக்குக் கோபம் வருகிறது, ஆனால் அவர் மேல் இல்லை. அவரை அப்படிச் சொல்ல வைப்பதற்காகவே இந்த ஏற்பாடு. காலையில் என்ன வேலை என்று சொல்வது கம்பெனி, சரக்குக் குறைந்தால் கேள்வி கேட்பது கம்பெனி, புதிதாகச் சேரும் ஆன் ரோல் ஆட்களுக்கு, அதாவது கம்பெனியின் நேரடி ஊழியர்களுக்கு, உங்களைப் போன்றவர்களை வைத்து வேலை கற்றுக்கொடுப்பதும் கம்பெனி. வேலை போகும்போது மட்டும் ஏஜென்சி. ஆறு வருடமாக அந்தக் கிடங்கின் கணக்கு சரியாக இருக்கிறதென்றால் அதில் உங்கள் கை இருக்கிறது. அந்த வேலை உங்களுடையது, எந்த நாடா கழுத்தில் தொங்கினாலும். இது ஆறுதலுக்காகச் சொல்வது இல்லை. கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது என்று நீங்கள் முதலில் நம்ப வேண்டும், அதற்காகச் சொல்கிறேன். என் பக்கத்து இருக்கை அண்ணன் அன்று வாய் திறக்காததற்குக் காரணம் பயம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பின்னால் பேசும்போது, "கேட்கலாம்னே எனக்குத் தோணலைப்பா" என்றார். எனக்கும்தான் தோன்றவில்லை.

நாற்பத்திரண்டு பேர் என்கிறீர்கள். அது பெரிய எண்ணிக்கை. ஒவ்வொருவராகச் சூப்பர்வைசரைத் தேடிப் போகாதீர்கள், எல்லாரும் கையெழுத்திட்டு ஒரே கடிதமாகக் கொடுங்கள், ஏஜென்சிக்கு ஒரு பிரதி, கம்பெனிக்கு ஒரு பிரதி. புது காண்ட்ராக்டர் யார், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை பேரை எடுக்கிறார், பழைய பணிக்காலம் கணக்கில் வருமா, பாக்கி எப்போது வரும், இவ்வளவுதான் கேட்க வேண்டும். பதில் வராவிட்டாலும் கேட்டதற்கு ஆதாரம் இருக்கும். கம்பெனிக்குத்தான் இதில் உண்மையான பிடி இருக்கிறது, டெண்டரில் 'இருக்கும் ஆட்களைப் பழைய சம்பளத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும்' என்று ஒரு வரி சேர்ப்பது அவர்களால் முடியும். புது ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் கேட்டால் பலிக்க வாய்ப்பு அதிகம், அதனால் தாமதிக்காதீர்கள். பக்கத்தில் தொழிற்சங்கமோ தொழிலாளர் அலுவலகமோ இருந்தால் இந்த வாரமே போங்கள்.

சம்பளச் சீட்டுகள், வருகைப் பதிவு, பழைய ஐ.டி. கார்டின் இரண்டு பக்கம், நியமனக் கடிதம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்கள் சொந்த மெயிலில் வையுங்கள். கார்டை அட்டைப்பெட்டியில் போட்டபிறகு அது திரும்ப வராது. வேறு வேலையும் தேடுங்கள், அதில் துரோகம் ஒன்றும் இல்லை. ஆனால் வேறு வேலைக்கான கடிதம் கையில் வரும்வரை இங்கிருந்து ஒருநாள்கூட முன்னதாக நீங்களாக விலகாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதீர்கள். எங்கள் பிரிவில் ஒரு பெண் அப்போது பிரசவ லீவில் இருந்தார். புது காண்ட்ராக்டர் அந்த மாத வருகைப் பதிவைப் பார்த்துப் பட்டியல் எடுத்தார், அதில் அவர் பெயர் இல்லை. யாரும் வேண்டுமென்று விடவில்லை, யாருக்கும் ஞாபகமும் இல்லை. மூன்று மாதம் கழித்து அவர் வாசலுக்கு வந்தபோது கழுத்தில் நீல நாடா. உள்ளே விடவில்லை. செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார், நான் போய் நின்றேன், சொல்ல ஒன்றும் இல்லை.

உங்கள் நாற்பத்திரண்டு பேரில் இப்போது லீவில் யார் இருக்கிறார்கள்? உடம்பு சரியில்லாமல், பிரசவத்துக்கு, ஊருக்குப் போனவர்கள்? இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள், அவர்கள் பெயரையும் அந்தக் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். கடிதத்தை அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்பினால் இரவானாலும் படித்துப் பதில் எழுதுகிறேன்.