138 கிரெடிட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒஹாயோவிலிருந்து எழுதுகிறேன். என் மகள் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் அக்கவுண்டிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். இன்னும் ஓராண்டு சேர்த்துப் படித்தால் மாஸ்டர்ஸும் கையில் வந்துவிடும், 4+1 திட்டம் என்று துறையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. 12 கிரெடிட், அதாவது நாலு பாடம், இரண்டு பட்டத்துக்கும் பொது. தனி நுழைவுத் தேர்வு கிடையாது. அப்படியே சி.பி.ஏ. என்கிற கணக்காளர் உரிமத்துக்கு வேண்டிய 150 கிரெடிட்டும் ஆகிவிடும். இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் அவள் தயங்குகிறாள். முதலில் இரண்டு வருடம் வேலைக்குப் போகிறேன் என்கிறாள். வேலைக்குப் போனவர்கள் படிக்கத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. பாடத் தேர்வில் அவளுக்கு வழிகாட்டுகிற அட்வைசருக்கு நானே எழுதிக் கேட்டேன். உங்களோடு பேச இயலாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. என் தம்பி மகனும் எஃப்-1 மாணவர் விசாவில் இங்கே வேறொரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான், அவனுக்கும் இதே மாதிரி அழைப்பு. நீங்கள் இருபது ஆண்டு இங்கே பாடம் நடத்தியவர். மகளுக்குப் புரியும்படி நாலு வார்த்தை எழுதுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நாலு வார்த்தை எழுதுகிறேன். ஆனால் மகளுக்கு அல்ல, உங்களுக்கு.

அந்த அட்வைசர் மேல் கோபப்பட வேண்டாம். மாணவர்களின் கல்விப் பதிவுகள் பற்றி 1974ல் இங்கே ஒரு சட்டம் வந்தது. பள்ளிவரை பெற்றோரிடம் இருக்கிற உரிமை, பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் பிள்ளைக்குப் போய்விடுகிறது. கல்லூரிக் கட்டணம் கட்டுவது நீங்களாகவே இருந்தாலும் அவள் எழுத்தில் சம்மதம் தராமல் பெரும்பாலான அட்வைசர்கள் வாய் திறக்க மாட்டார்கள். நானும் பல அப்பாக்களுக்கு அப்படி ஒற்றை வரி எழுதியவன்தான். மகளோடு சேர்ந்து போய் உட்காருங்கள், அதே அட்வைசர் ஒரு மணி நேரம் பேசுவார்.

இப்போது கணக்குக்கு வருவோம். நீங்களும் கணக்கு பார்க்கிற வீட்டுக்காரர்தானே.

இளநிலைப் பட்டத்துக்கு இங்கே வழக்கமாக 120 கிரெடிட். மாஸ்டர்ஸுக்கு 30. தனித்தனியாகப் படித்தால் 150. பொதுவாக 4+1 எப்படி வேலை செய்கிறது என்றால், நான்காம் ஆண்டிலேயே நாலு முதுநிலைப் பாடங்களை எடுக்கிறோம். அந்த 12 கிரெடிட்டை இளநிலைக் கணக்கிலும் எழுதுகிறார்கள், முதுநிலைக் கணக்கிலும் எழுதுகிறார்கள். அதனால்தான் மாஸ்டர்ஸுக்கு மிச்சம் 18 மட்டும் நிற்கிறது, இரண்டு செமஸ்டரில் அலட்டிக்கொள்ளாமல் முடிகிறது. சரி, மொத்தம் எத்தனை கிரெடிட் படித்திருப்பாள்? 120ம் 18ம் 138.

பட்டம் இரண்டு. கிரெடிட் 138. சி.பி.ஏ. உரிமம் தருகிற மாநில வாரியம் ஒரு பாடத்தை ஒருமுறைதான் எண்ணும். பல்கலைக்கழகம் அதை இரண்டு பட்டத்துக்கும் வரவு வைத்திருக்கிறது என்பது அதன் சொந்த ஏற்பாடு, அதில் வாரியத்துக்கு வேலை இல்லை. ஆக 150 வேண்டும் என்பதற்காக மகளை இதில் சேரச் சொன்னால், மாஸ்டர்ஸ் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு 12 கிரெடிட் குறைவாக நிற்பாள். அந்த 150 என்கிற வாக்கியம் துறையின் மின்னஞ்சலில் இருந்ததா, இல்லை நீங்களே கூட்டிச் சேர்த்துக்கொண்டதா? இருந்ததென்றால் எந்தக் கணக்கில் என்று கேளுங்கள். விவரமான துறைகள், பள்ளியிலேயே கல்லூரிக் கிரெடிட்டுக்காக எழுதிய ஏ.பி. தேர்வுகளின் கிரெடிட்டையோ கூடுதல் பாடங்களையோ வைத்து அந்தப் பள்ளத்தை நிரப்பித்தான் திட்டம் போடுகின்றன. விவரமில்லாத துறைகளும் உண்டு. நான் இருந்த குழுவிலேயே ஒரு முறை இதைக் கவனிக்காமல் விட்டோம். மூன்று மாணவர்கள் கோடையில் உட்கார்ந்து எதையோ படித்து எண்ணிக்கையை நிரப்பினார்கள். ஒருவர் மட்பாண்டம் எடுத்தார் என்று ஞாபகம், நல்ல பூச்சாடி ஒன்று செய்தார்.

சிரிக்காதீர்கள், 150ஐ எட்ட மட்பாண்டமும் செல்லும். அக்கவுண்டிங், வணிகப் பாடங்களில் இத்தனை கிரெடிட் இருக்க வேண்டும் என்று வாரியம் தனியாகச் சொல்லும். அதற்குமேல் உள்ளது எதுவாகவும் இருக்கலாம். மாஸ்டர்ஸ் பட்டமாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. இந்த விதியை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஃபுளோரிடா, 1983ல். 1988ல் அமெரிக்கக் கணக்காளர் சங்கத்தின் உறுப்பினர்கள், 2000க்குப் பிறகு புதிதாகச் சேருகிறவர்களுக்கு 150 கட்டாயம் என்று வாக்களித்தார்கள். அப்புறம் மாநிலங்கள் வரிசையாக வந்தன. 120ல் முடிகிற பட்டத்துக்கும் 150க்கும் நடுவே ஒரு 30 கிரெடிட் ஓட்டை விழுந்தது, மாஸ்டர்ஸும் சரியாக 30. ஐந்தாண்டு அக்கவுண்டிங் திட்டங்கள் இத்தனை பெருகியதற்கு இது பெரிய காரணம். அறிவுத் தாகம் என்று விளம்பரத்தில் போடுவார்கள், போடட்டும்.

அந்த ஓட்டையை இப்போது மாநிலங்களே அடைக்கத் தொடங்கியிருக்கின்றன. தொடங்கியதில் முந்திக்கொண்டது உங்கள் ஒஹாயோ. 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டம், 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை. இளநிலைப் பட்டம், இரண்டு ஆண்டு பணி அனுபவம், தேர்வில் தேர்ச்சி, இவை இருந்தால் 150 இல்லாமலே உரிமம் பெற ஒரு வழி திறந்திருக்கிறது. வேறு பல மாநிலங்களும் இதே பக்கம் திரும்பியிருக்கின்றன.

இப்போது உங்கள் கடிதத்தை ஒருமுறை திரும்பப் படியுங்கள். ‘முதலில் இரண்டு வருடம் வேலைக்குப் போகிறேன் என்கிறாள்.’ அது என்ன இரண்டு வருடம்? ஒன்று இல்லை, மூன்று இல்லை. உங்கள் மகள் தயங்கவில்லை ஆர்., அவள் வாரியத்தின் விதியைப் படித்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது. நீங்கள் அவளைக் கேட்கவில்லை, எனக்கு எழுதிவிட்டீர்கள்.

இதனால் 4+1 வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்தத் துறை நன்றாக இருந்து, அவளுக்கு வரிச் சட்டமோ தணிக்கையோ ஆழமாகப் படிக்க ஆசை இருந்து, பொது கிரெடிட் சலுகையே இல்லாவிட்டாலும் அதே இடத்தில்தான் மாஸ்டர்ஸ் படிப்பேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். அந்த நாலு பாடங்களை இளநிலை மாணவியாக இருக்கும்போதே, இளநிலைக் கட்டணத்தில் படிக்க முடிந்தால் நிஜமான லாபம்தான். சலுகை இருக்கிறது என்பதற்காக மட்டும் சேருவதுதான் எனக்குப் பிடிக்காதது. நாலு ஆண்டு பார்த்த அதே பேராசிரியர்கள், அதே நாலு அறைகள், பரிந்துரைக் கடிதம் கேட்டால் அதே மூன்று பேர். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகம் என்ன சொல்லித் தருகிறது என்று எட்டிப் பார்க்கிற காலம் நான்காம் ஆண்டின் இலையுதிர் பருவம். 4+1ல் கையெழுத்து வாங்குவதோ அதற்கு ஓராண்டு முன்பே, மூன்றாம் ஆண்டில். பல்கலைக்கழகத்துக்கு அது நன்றாகத் தெரியும்.

இன்னொரு விஷயம் அக்கவுண்டிங்குக்கே உரியது. தணிக்கை, வரி நிறுவனங்களின் நல்ல இன்டர்ன்ஷிப்புகளில் பல ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுவரை வருகிற நெருக்கடிக் காலத்தில்தான் கிடைக்கும். அதில் நன்றாகச் செய்தால் வேலை அங்கேயே உறுதியாகிவிடும். நாலு முதுநிலைப் பாடங்களை நான்காம் ஆண்டில் திணித்த பிறகு அந்த வசந்த செமஸ்டரில் இடைவெளி இருக்குமா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நல்லது. இல்லையென்றால் எதை இழக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, எழுதியிருக்க வேண்டும். இளநிலைப் பட்டம் எந்தத் தேதியில் வழங்கப்படுகிறது? நான்காம் ஆண்டு முடிவிலா, ஐந்தாம் ஆண்டு முடிவில் இரண்டும் சேர்த்தா? இரண்டு வகையும் இருக்கின்றன. எந்த நாளில் அவள் முதுநிலை மாணவி ஆகிறாளோ அந்த நாளிலிருந்து எல்லாம் மாறும். நுழையும்போது தந்த மெரிட் உதவித்தொகை பெரும்பாலும் எட்டு செமஸ்டரோடு நிற்கும். அரசின் பெல் உதவித்தொகை இளநிலைப் பட்டம் வாங்காதவர்களுக்குத்தான். கடன் வரம்பு மட்டும் ஏறும். பெற்றோரைச் சார்ந்த மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிக்கு ஆண்டுக்கு 7,500 டாலர்வரை தருகிற அதே மத்திய அரசு, முதுநிலையில் 20,500 தரும். ஆனால் படிக்கும்போது வட்டியை அரசு ஏற்கிற கடன் 2012 ஜூலையிலிருந்து முதுநிலைக்குக் கிடையாது, முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். அதற்குமேல் வாங்க வழிசெய்த கிராட் பிளஸ் கடனும் 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குபவர்களுக்கு இல்லை. வரியில் 2,500 டாலர்வரை கழிவு தருகிற சலுகை நாலு ஆண்டுக்குத்தான், ஐந்தாம் ஆண்டுக்கு இன்னொன்று உண்டு, அது அதிகபட்சம் 2,000. வருமான வரம்பு இரண்டுக்கும் இருக்கிறது, உங்கள் சம்பளத்துக்கு எது வரும் என்று நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

பாதியில் விட்டால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். என்னிடம் படித்த ஒரு பெண் நாலு பொதுப் பாடங்களையும் முடித்து, பட்டம் வாங்கி, வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனாள். இரண்டு ஆண்டு கழித்து அங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் சேர்ந்தபோது அந்த 12 கிரெடிட்டைக் காட்டினாள். ஏற்கெனவே ஒரு பட்டத்துக்குச் செலவான கிரெடிட் என்று சொல்லிவிட்டார்கள். முதலிலிருந்து 30 படித்தாள். பல்கலைக்கழகங்களில் இது சாதாரண விதி, அவர்கள் மேல் தப்பில்லை. அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நானும் சொல்லவில்லை.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி என்றும் நினைத்துவிடாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் இந்த மாதிரித் திட்டத்தைக் கோடெர்ம் என்பார்கள். அங்கே இளநிலைக்கு 180 யூனிட், மாஸ்டர்ஸுக்குப் பொதுவாக 45, மொத்தம் 225ம் படித்தாக வேண்டும், ஒரு யூனிட்கூட இரண்டு பக்கம் எண்ணப்படாது. எம்.ஐ.டி.யின் மின்பொறியியல், கணினித் துறை தன் சொந்த இளநிலை மாணவர்களுக்கு மட்டுமே எம்.எங். என்கிற மாஸ்டர்ஸ் பட்டம் தருகிறது. பொறியியலில் 3+2 என்று ஒன்று வரும், பெயரைப் பார்த்து மாஸ்டர்ஸ் என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. அதில் பெரும்பாலும் கிடைப்பது இரண்டு இளநிலைப் பட்டங்கள்.

தம்பி மகன் கதை வேறு. அவன் விசாவைப் பார்க்க வேண்டும். எஃப்-1ல் படித்து முடித்தவர்களுக்கு ஓ.பி.டி. என்று வேலை செய்ய 12 மாதம் தருகிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் இன்னும் 24 மாதம் நீட்டலாம். ஒவ்வொரு உயர்ந்த படிநிலைக்கும் இந்த 12 மாதம் புதிதாகக் கிடைக்கும். இளநிலை முடித்து அந்த ஓ.பி.டி.யைப் பயன்படுத்தாமல் நேராக மாஸ்டர்ஸில் நுழைந்தால், அல்லது இரண்டு பட்டமும் ஒரே நாளில் வந்தால், இளநிலைப் பங்கு போனது போனதுதான், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சேமித்து வைக்க முடியாது. எதிர்ப்பக்கம் ஒரு லாபம் உண்டு. எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலில் 65,000 பொது இடங்கள் போக, அமெரிக்க மாஸ்டர்ஸ் படித்தவர்களுக்கு 20,000 தனி. லாப நோக்கில் நடக்கிற கல்லூரியின் பட்டம் அதற்குச் செல்லாது. எது பெரிதென்று அவனுடைய கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசட்டும், துறையின் அட்வைசரிடம் அல்ல. அவனுக்கு ஆராய்ச்சியில் மனம் இருந்தால் 4+1க்குக் காசு கட்டுவதே வீண். இங்கே இளநிலை முடித்தவனை நேராகப் பிஎச்.டி.க்கு எடுப்பார்கள், பெரும்பாலும் கட்டணத்தையும் தள்ளுபடி செய்து சம்பளமும் தருவார்கள், மாஸ்டர்ஸ் வழியிலேயே வந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் ஒரு எண் இல்லை. மகளுக்கு ஏ.பி. கிரெடிட் எத்தனை, அதில் எவ்வளவு 120க்குள் அடங்கிவிட்டது, எவ்வளவு அதற்குமேல் நிற்கிறது? பல்கலைக்கழகத் தளத்தில், எந்தக் கிரெடிட் எதில் எண்ணப்பட்டது என்று காட்டுகிற டிகிரி ஆடிட் என்று ஒரு பக்கம் இருக்கும், அதைத் திறக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். 120க்கு மேல் நிற்பது 12ஐத் தொட்டால் நான் மேலே எழுதியதில் பாதியை விட்டுவிடலாம். தொடாவிட்டால் அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அவளிடமே கேளுங்கள். எனக்கும் என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.