லேபிள் தாளில் அச்சு ஏன் விலகுது? கேள்வி பதில்

வேர்ட்டில் லேபிள் அடிப்பது பற்றி யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் செய்பவர்களும் கொமினிகேசன் (போட்டோகொப்பி, அச்சு எடுத்துக் கொடுக்கும் கடை) நடத்துபவர்களும் வேறு சிலரும் கேட்டவை. பதில்கள் எல்லாம் ஏ4 தாளுக்கு உரியவை.

கேள்வி (சுன்னாகம், மிளகாய்த்தூள் விற்பனை): அண்ணை, 21 லேபிள் உள்ள தாள் வாங்கினனான். முதல் வரிசை சரியா விழுகுது. கீழை போகப் போக எழுத்து மேலை ஏறுது. கடைசி வரிசையிலை வெட்டுக்கோட்டையும் தாண்டீட்டுது. மாஜினை மாத்தி மாத்திப் பாத்தும் சரிவரேல்லை.

பதில்: மாஜினைத் தொடாதேங்கோ, பிழை அங்கே இல்லை. எல்லா வரிசையும் ஒரே அளவு விலகினால் மாஜினைப் பார்க்க வேணும், அல்லது தாள் பிரிண்டருக்குள் இழுபடும் விதத்தைப் பார்க்க வேணும். விலகல் வரிசைக்கு வரிசை கூடிக்கொண்டு போனால் அச்சு சுருங்குது, இல்லையெண்டால் வரிசை இடைவெளியை, அதாவது ஒரு லேபிளின் மேல்விளிம்பிலிருந்து அடுத்ததன் மேல்விளிம்பு வரை உள்ள தூரத்தை, பிழையாகக் கொடுத்திருக்கிறீங்கள்.

எது எண்டு கண்டுபிடிக்க, வேர்ட்டில் நெட்டுக்கு 200 மிமீ நீளக் கோடு ஒன்று கீறி, சாதாரணத் தாளில் அடித்து, அடிமட்டத்தால் அளந்து பாருங்கோ. 194 மிமீ வந்தால் பிரிண்டர் 97 வீதத்துக்குச் சுருக்குது. 21 லேபிள் தாளில் ஏழு வரிசையின் மொத்த உயரம் 266.7 மிமீ. அதில் 3 வீதம் எண்டால் 8 மிமீ, ஒரு வரிக்கும் மேலேயே போய்விடும். சில பிரிண்டர்கள் தாளின் நடுவை வைத்துச் சுருக்கும். அப்போது நடுவரிசை சரியாக இருக்கும், மேல்வரிசை கீழே இறங்கும், கீழ்வரிசை மேலே ஏறும். இப்படி வந்தால் அளக்காமலே சொல்லலாம், சுருக்கம்தான்.

நிறுத்த வேண்டிய இடங்கள் மூன்று. வேர்ட்டின் பிரிண்ட் பக்கத்தில் 'ஸ்கேல் டு பேப்பர் சைஸ்' என்பதில் 'நோ ஸ்கேலிங்' இருக்க வேணும். பிரிண்டர் புரொப்பர்ட்டீஸில் 'பிட் டு பேஜ்' இருந்தால் எடுத்துவிடுங்கோ. கொமினிகேசனில் பிடிஎப் கொடுத்து அடிப்பிக்கிறவர்கள் 'அக்சுவல் சைஸ்' எண்டு வாய்விட்டுச் சொல்ல வேணும். அங்கே அநேகமாக 'பிட்' என்பதிலேயே விட்டிருப்பார்கள்.

கோடு 200 மிமீ சரியாக வந்தால் பிழை இடைவெளியில். ஒரு லேபிளை மட்டும் அளந்து எழுதினால் அரை மிமீ பிழை வரும். அது ஏழாவது வரிசைக்கு வரேக்கை ஆறு மடங்காகி 3 மிமீ ஆகிவிடும். முதல் லேபிளின் மேல்விளிம்பிலிருந்து ஏழாவது லேபிளின் மேல்விளிம்பு வரை அளந்து ஆறால் பிரியுங்கோ. 228.6 மிமீ வந்தால் இடைவெளி 38.1.

கேள்வி (அதே ஆள்): பெட்டியிலை ஒரு நம்பரும் இல்லை. வேர்ட்டிலை எந்த லேபிளைத் தெரிவுசெய்யிறது?

பதில்: நம்பர் தேவையில்லை. 'மெயிலிங்ஸ்', 'லேபிள்ஸ்', 'ஒப்ஷன்ஸ்', 'நியூ லேபிள்' எண்டு போய் நீங்களே அளவைக் கொடுங்கோ. அதற்கு முதல் 'பைல்', 'ஒப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்ட்' என்பதில் அளவு அலகை மில்லிமீற்றராக மாற்றிவிடுங்கோ. சாதாரண 21 லேபிள் தாளுக்கு, அதாவது ஏவரி நிறுவனத்தின் எல்7160 அமைப்புக்கு, லேபிள் அகலம் 63.5, உயரம் 38.1, குறுக்கு இடைவெளி (ஒரு லேபிளின் இட விளிம்பிலிருந்து அடுத்ததன் இட விளிம்பு வரை) 66, நெட்டு இடைவெளி 38.1, மேல் மாஜின் 15.1, பக்க மாஜின் 7.2, குறுக்கே 3, கீழே 7. உங்கடை தாளிலும் அளந்து ஒப்பிட்டுப் பாருங்கோ. மலிவுத் தாள்களில் லேபிள்கள் நடுவில் வெளியில்லாமல் 70 மிமீ அகலத்தில் ஒட்டி வருவதும் உண்டு.

பக்க அளவில் ஏ4 தெரிவுசெய்ய மறக்க வேண்டாம். அங்கே 'லெட்டர்' இருந்தால் மாஜினும் லேபிள் அளவும் சேர்ந்து தாளை விடப் பெரிசு எண்டு பிழைச்செய்தி வரும். லெட்டர் தாளின் உயரம் 279.4 மிமீ தான். 266.7ஐயும் 15.1ஐயும் கூட்டினால் 281.8 வரும், அதற்குள் அடங்காது.

கேள்வி (உரும்பிராய், கல்யாண வீடு): 400 அழைப்பிதழுக்கு முகவரி எக்செல்லிலை இருக்கு. அதை வேர்ட் லேபிளோடை சேர்த்தால் முதல் லேபிளிலை மட்டும் பெயர் வருகுது, மற்றதெல்லாம் வெறுமை. சில பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வருகுது.

பதில்: முதலாவது, 'அப்டேட் லேபிள்ஸ்' அழுத்த மறந்திட்டீங்கள். முதல் கட்டத்தில் பெயர், முகவரிப் புலங்களை (எக்செல் விபரம் வந்து விழும் இடங்களை) போட்டு எழுத்தளவையும் சரிசெய்த பிறகு அதை அழுத்தினால்தான் மற்ற 20 கட்டத்துக்கும் போகும். பிறகு முதல் கட்டத்தில் எதை மாற்றினாலும் திரும்ப அழுத்த வேணும். மற்றக் கட்டங்களில் இருக்கும் 'நெக்ஸ்ட் ரெக்கோர்ட்' என்பதை அழிக்க வேண்டாம். அழித்தால் ஒரே மாமாவின் பெயர் 21 தடவை வரும்.

இரண்டாவது, அந்தப் பெயர்கள் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. பாமினி ஆங்கில எழுத்தின் மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தியது. வேர்ட்டுக்குள் எழுத்துரு கூட வராது, எழுத்து மட்டும் வரும். பட்டியல் முழுக்கப் பாமினி எண்டால் முதல் கட்டத்துப் புலங்களுக்குப் பாமினி எழுத்துருவைக் கொடுத்தால் போதும். உங்கடை பட்டியல் கலப்பு. ஆகவே பாமினி வரிகளை யூனிகோட்டுக்கு (எழுத்துரு மாறினாலும் தமிழாகவே நிற்கும் பொது முறைக்கு) மாற்றுங்கோ, வேறு வழி வீண் அலைச்சல். பட்டியலை சிஎஸ்வி (கமாவால் பிரித்த எழுத்துக் கோப்பு) ஆகச் சேமித்தால் 'யுடிஎப்-8' வகையைத் தெரிவுசெய்யுங்கோ. சாதாரண சிஎஸ்வியில் தமிழ் கேள்விக்குறியாகிவிடும்.

யூனிகோட்டுக்கு மாறியதும் இன்னொரு சிக்கல் வரலாம். எழுத்தளவை 10 ஆக்கியும் தமிழ் பெரிசாகவே நிற்கும். புலத்தைத் தெரிவுசெய்து கொன்ட்ரோலும் டியும் அழுத்துங்கோ. வரும் பெட்டியில் 'கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' எண்டு தனிப் பகுதி இருக்கும். தமிழின் எழுத்துருவும் அளவும் அங்கேதான் மாறும்.

கேள்வி (பருத்தித்துறை, பனங்கட்டியும் ஒடியல் மாவும்): கடைசி வரி பாதியிலை வெட்டுப்படுது. 450.00 எண்டு போட்ட விலை 450 ஆகுது. திகதியிலை மாதமும் நாளும் இடம் மாறுது.

பதில்: லேபிள் கட்டத்தின் உயரம் பூட்டப்பட்டது, எழுத்து கூடினால் கட்டம் நீளாது, வெட்டுப்படும். 38.1 மிமீ என்பது எழுத்தளவு அலகில் 108 புள்ளி. தமிழ் எழுத்துருக்களின் வரி உயரம் ஆங்கிலத்தை விடக் கூட, அதனால் ஆங்கிலத்தில் அடங்கிய ஏழு வரி தமிழில் அடங்காது. பந்திக்குப் பின்னான இடைவெளியைச் சுழியமாக்கி, வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' 13 புள்ளி எண்டு கொடுத்து, எழுத்தை 9 ஆக வையுங்கோ. 13ஐ விட இறுக்கினால் எழுத்தின் மேலும் கீழும் வெட்டுப்படத் தொடங்கும்.

விலையும் திகதியும்: எக்செல் கட்டத்தில் தெரியும் வடிவம் வேர்ட்டுக்கு வராது, உள்ளே உள்ள எண்தான் வரும். முன்னால் ஒற்றை மேற்கோள்குறி போட்டு '450.00, '05.12.2025 எண்டு அடியுங்கோ. எழுத்தாகக் கருதி அப்படியே எடுக்கும்.

கேள்வி (கொடிகாமம், கொமினிகேசன்): ஆக்கள் பாதி பாவிச்ச தாளைக் கொண்டு வருகினம். லேசரிலை அடிக்கலாமோ?

பதில்: வேண்டாம். லேசர் பிரிண்டர் தூள் மையைச் சூட்டால் உருக்கித்தான் ஒட்டுது. உரித்த இடத்தின் ஓரத்தில் பசை வெளியே இருக்கும், முதல் தடவைச் சூட்டிலேயே மிச்ச லேபிள்கள் இளகியிருக்கும். ஒன்று கழன்று சூட்டு உருளையில் ஒட்டினால் அந்த ஒரு லேபிளுக்காக உருளையையே மாற்ற வேண்டி வரும். முழுத்தாளை ஒரே தடவையில் அடிக்கச் சொல்லுங்கோ. தாள் வகையை 'லேபிள்ஸ்' ஆக்கி, பின்பக்கக் கதவால் தாள் வரும் பிரிண்டர் எண்டால் அதைத் திறந்துவிடுங்கோ, தாள் வளையாமல் வரும். இங்க்ஜெட் தாள் எண்டு பெட்டியில் போட்டிருந்தால் லேசருக்குள் விடவே வேண்டாம்.

இங்க்ஜெட்டில் பாதித்தாள் அடிக்கலாம். வேர்ட்டின் 'லேபிள்ஸ்' பெட்டியில் 'சிங்கிள் லேபிள்' தெரிந்து வரிசை, நிரல் எண்ணைக் கொடுங்கோ. எக்செல் பட்டியல் எண்டால், உரித்த லேபிள் எத்தனையோ அத்தனை வரியை மேலே சேர்த்து, தொடர் இலக்க நிரலை மட்டும் நிரப்பி மற்றதை வெறுமையாக விடுங்கோ. அந்தத் தொடர் இலக்கத்தை லேபிளில் சேர்க்காதேங்கோ.

கேள்வி (அச்சுவேலி, நல்லெண்ணெய்): போத்தலிலை ஒட்டினாப் பிறகு எழுத்து கரையுது.

பதில்: இங்க்ஜெட் மை, கடதாசி லேபிள், எண்ணெய்க் கை. மூன்றும் சேர்ந்தால் கரையத்தான் செய்யும். லேசரில் அடியுங்கோ, அந்த மை பிளாஸ்டிக் தூள் என்பதால் தண்ணீரில் கரையாது. கடதாசியில் எண்ணெய் ஊறுவதை அதுவும் தடுக்காது. லேசருக்கான பொலியெஸ்டர் லேபிள் கிடைத்தால் அதுதான் சரி. போத்தலில் எண்ணெய் விட முதல், காய்ந்த போத்தலில் ஒட்டுங்கோ.

கேள்வி (கோப்பாய், நூலகம்): வேர்ட்டுக்குப் பதிலாக லிப்ரே ஒபிஸில் செய்யலாமா?

பதில்: தாராளமாக. 'பைல்', 'நியூ', 'லேபிள்ஸ்'. அளவு 'போமற்' தாவலில். 'ஒப்ஷன்ஸ்' தாவலில் 'சிங்க்ரனைஸ் கொன்டென்ட்ஸ்' என்பதைக் குறியிடுங்கோ. முதல் லேபிளில் மாற்றம் செய்து 'சிங்க்ரனைஸ் லேபிள்ஸ்' பொத்தானை அழுத்தினால் எல்லாவற்றுக்கும் போகும்.

கேள்வி (சுன்னாகம்): அண்ணை, கோடு 200 சரியா வந்திட்டுது, இடைவெளியும் திருத்தீட்டன். இப்ப எல்லாமே 2 மிமீ இடப்பக்கம் நிக்குது.

பதில்: இப்போதுதான் மாஜின். பக்க மாஜினில் 2 மிமீ கூட்டுங்கோ. சாதாரணத் தாளில் அடித்து, லேபிள் தாளின் மேல் வைத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கோ. இரண்டு மூன்று தாள் அடித்துப் பார்க்க வேணும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் விலகினால் பிழை கணினியில் இல்லை, தட்டின் பக்கத் தடுப்பு தளர்ந்திருக்கு, அல்லது மாரி ஈரத்தில் தாள் சுருண்டிருக்கு. தடுப்பைத் தாளோடு அணையுங்கோ. மிச்சத் தாளைப் பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, படுக்கையாக வையுங்கோ.