36 வயது சென்டர் பேக்கின் ஒப்பந்தத்தை எங்கள் அணி இன்னும் நீட்டிக்க வேண்டுமா?

நீட்டிக்க வேண்டும். ஒரே ஒரு வருடத்துக்கு. அதையும் சீசன் முடியும்வரை இழுத்தடிக்காமல், இப்போதே அவரைக் கூப்பிட்டு நேரில் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் கேள்வியில் இருப்பது இவ்வளவுதான்: பின்வரிசையின் நடுவில் நின்று தடுக்கும் சென்டர் பேக், அவருக்கு 36 வயது, அவர்தான் கேப்டன், ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது, சமீப ஆட்டங்களில் வேகமான ஸ்ட்ரைக்கர்கள் அவரைத் தாண்டி ஓடிவிட்டார்கள். கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் நீங்கள் அந்த அணியின் பல வருட ரசிகர் என்று தோன்றுகிறது. அவர் பின்தங்கி ஓடும் அந்த ஒரு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பீர்கள். பிடித்த ஆட்டக்காரர்தான், ஆனாலும் அடுத்த வருடம் இன்னும் மோசமாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அந்த வீடியோவில் தெரியாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவை அவருக்குப் பின்னால் நிற்கும் கோல்கீப்பருக்குத் தெரியும். நான் பல வருடம் அந்த இடத்தில் நின்றவன்.

நான் சம்பளத்துக்கு ஆடியவன் இல்லை. ஒரு சிறிய லீக்கில், வேலை முடிந்த பிறகு பயிற்சிக்கு வரும் ஆட்களைக் கொண்ட கிளப்பில் ஆடினேன். அதையும் பெரிய கிளப்புகளையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்டுக்கொண்டு சிலர் வருவார்கள். பணத்தை நான் ஒப்பிடவில்லை. கோல் எங்கேயும் 24 அடி அகலம், 8 அடி உயரம்தான். கார்னரிலிருந்து வரும் பந்தை யாரோ ஒருவர் முதலில் ஹெட் செய்தாக வேண்டும் என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

எங்கள் ஸ்டாப்பரை, அதாவது சென்டர் பேக்கை, அணியில் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். எதிரணிப் பையன்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நான் சேர்ந்தபோதே அவர் முப்பதைத் தாண்டியிருந்தார். திரும்பி ஓடுவதில் மெதுவானவர், அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் அவர் ஓட வேண்டிய நிலைமையே அதிகம் வராது. பந்து எதிரணி மிட்ஃபீல்டரின் காலுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டடி பின்னால் போயிருப்பார். அந்த இரண்டடியில் ஸ்ட்ரைக்கருக்குப் போக வேண்டிய வழி அடைபட்டுவிடும்.

ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்து விரலால் எனக்குக் காட்டுவார். இடது பக்கம் காட்டினால், ஸ்ட்ரைக்கரை இடது பக்கமாகத்தான் தள்ளிக்கொண்டு போகப் போகிறார், அந்தப் பக்கக் கம்பத்தை நான் பார்த்துக்கொண்டால் போதும் என்று அர்த்தம். ஒருவன் தனியாகப் பந்தோடு வரும்போது கோல்கீப்பருக்குப் பாதி கோல் மட்டும் பாக்கி என்றால் அது எவ்வளவு பெரிய உதவி என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். கார்னரில் பந்தை வைப்பதற்கு முன்பே யார் யாரை மார்க் பண்ண வேண்டும் என்று பெயர் சொல்லிக் கத்தி முடித்திருப்பார். ‘ஏறு’, ‘நில்லு’, ‘இறங்கு’. இந்த மூன்று சத்தத்துக்கு எங்கள் பின்வரிசை முழுவதும் ஒரே கோட்டில் நகரும். ஆஃப்சைடுக்கு லைன்ஸ்மேன் கொடி தூக்கும்போது பார்க்கிறவர்களுக்கு எதிரணி ஸ்ட்ரைக்கரின் அவசரம்தான் தெரியும். அண்ணனின் குரல் மைதானத்துக்கு வெளியே கேட்காது.

ஒரு சீசன் முடிவில் கமிட்டி கூடியது. செயலாளர் கைப்பேசியில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். நீளமான பந்து ஒன்று தலைக்கு மேலே போகிறது, அண்ணன் திரும்புவதற்குள் ஒரு பையன் அவரைத் தாண்டிப் போய் கோல் அடிக்கிறான். சில நொடிகள்தான். அதை வைத்தே முடிவு செய்துவிட்டார்கள். நான் எழுந்து பேசினேன். புதுப் பையனைச் சேருங்கள், ஆனால் ஒரு சீசன் அண்ணனும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் ஆடட்டும், அதற்குப் பிறகு அவரே விலகிக்கொள்வார் என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். யாரும் கேட்கவில்லை. அவரைக் கூப்பிட்டுச் சொல்லவும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் புதிய சீசனுக்கான பட்டியல் வந்தது, அதில் அவர் பெயர் இல்லை. அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த தகவல்.

புதுப் பையன் நல்ல ஆட்டக்காரன். குறை சொல்ல மாட்டேன். ஓட்டத்தில் அவனை முந்த எங்கள் லீக்கில் ஆளே இல்லை. ஆனால் அவனுக்கு எங்கே நிற்பது என்று சொல்ல ஆள் இல்லை. நான் பின்னாலிருந்து கத்துவேன். ஆனால் கோல்கீப்பர் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் லைன் நேராக இருக்கிறதா என்று சரியாகத் தெரியாது, அதை லைனில் நிற்பவன்தான் சொல்ல முடியும். ஒரு பையன் ஏறுவான், இன்னொருவன் இறங்குவான், நடுவில் ஸ்ட்ரைக்கர் தனியாக நிற்பான். கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் எங்களுக்குக் கோல் விழ ஆரம்பித்தது. வேகமான பையன் வந்ததால் நீளப் பந்தில் விழும் கோல் குறைந்தது உண்மைதான். முன்பு விழாத இடங்களிலிருந்து அதைவிட அதிகமாக விழுந்தது.

சீசன் பாதியில் செயலாளரே அண்ணனுக்கு போன் செய்தார். அவர் வரவில்லை. பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னார்: “கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே தம்பிக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருப்பேன்.” அதற்கப்புறம் அவர் எந்தக் கிளப்புக்கும் ஆடவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, பெரிய ஆட்டத்துக்கு வருகிறேன். சென்டர் பேக் தியாகோ சில்வாவை பாரிஸ் சான் ஜெர்மான் 2020இல் ஒப்பந்தம் முடிந்ததும் விட்டுவிட்டது. வயது 35. அந்த அணிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டமே சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். பேயர்ன் மியூனிக்கிடம் 0-1 என்று தோற்றார்கள். செல்சி அவரை ஒரு வருட ஒப்பந்தத்தில், டிரான்ஸ்ஃபர் பணம் கொடுக்காமல் எடுத்தது. அடுத்த மே மாதமே செல்சி சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. மூன்று சென்டர் பேக் வைத்து ஆடிய அந்த அணியில் அவருக்கு நடு இடம். ஓட வேண்டியதைப் பக்கத்தில் இருந்தவர்கள் ஓடினார்கள், பார்க்க வேண்டியதை அவர் பார்த்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீட்டித்து 2024 வரை வைத்துக்கொண்டார்கள். கிளம்பும்போது அவருக்கு 39.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். செல்சி வென்ற அந்த 2021 ஃபைனலில் அவர் முதல் பாதியிலேயே காயப்பட்டு வெளியே போனார். இன்னொரு சென்டர் பேக்கான கிறிஸ்டென்சன் உள்ளே வந்து மீதி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டார். 35ஐத் தாண்டியவரை வைத்திருக்கும் அணிக்கு அந்த மாற்று ஆள் தயாராக இருந்தே ஆக வேண்டும். மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம் என்ற அட்டவணையில் எல்லா ஆட்டத்திலும் அவரை இறக்கினால் தொடைத் தசை தாங்காது. நீட்டிக்க வேண்டும் என்று நான் சொல்வதை, எல்லா ஆட்டத்திலும் ஆடவிட வேண்டும் என்று படித்துவிடாதீர்கள்.

அவசரப்பட்டு மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மான்செஸ்டர் யுனைடெட்டைப் பாருங்கள். 2001இல் சென்டர் பேக் யாப் ஸ்டாம் 29 வயதில் லாட்ஸியோவுக்கு விற்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்த லாரன் ப்ளாங்குக்கு 35. முந்தைய சீசனில் லீக்கில் 31 கோல் வாங்கிய அணி அந்த சீசனில் 45 வாங்கி மூன்றாவது இடத்துக்கு இறங்கியது. விற்றது தவறு என்று அப்போதைய மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ப்ளாங் உலகக் கோப்பை வென்ற அணியின் ஆட்டக்காரர், திறமைக்குக் குறைவில்லை. பின்வரிசையில் பழகிப்போன ஒரு பேச்சை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் அது ஒட்டிக்கொள்ள நாளாகும், அவ்வளவுதான். ரியல் மாட்ரிட் 2003இல் லீக்கை வென்ற கையோடு சென்டர் பேக்கான கேப்டன் ஹியெரோவை அனுப்பிவிட்டது. அடுத்த சீசன் நான்காவது இடம். அதே கோடையில் பின்வரிசைக்கு முன்னால் நின்று தடுத்த மிட்ஃபீல்டர் மகலேலேயையும் விற்றார்கள், அதனால் முழுப் பழியும் ஹியெரோ போனதற்கு இல்லை.

‘அப்படியானால் எல்லாக் கிழவர்களையும் வைத்துக்கொள்ள வேண்டுமா’ என்று கேட்பார்கள். இல்லை. ஏசி மிலன் 2007இல் டிஃபெண்டர் மால்தினியைக் கேப்டனாக வைத்து சாம்பியன்ஸ் லீக்கை வென்றது, அப்போது அவருக்கு 38. அந்த அணியில் முக்கியமானவர்கள் பலருக்கும் வயதாகியிருந்தது. அடுத்த சீசன் இத்தாலிய லீக்கில் ஐந்தாவது இடம், சாம்பியன்ஸ் லீக்குக்கே தகுதி இல்லை. பின்வரிசையில் ஒரு மூத்தவர் பலம். நால்வரும் மூத்தவர்கள் என்றால் வேறு கதை. உங்கள் அணியில் அவரைத் தவிர இன்னும் எத்தனை பேர் 33ஐத் தாண்டியவர்கள் என்பதைக் கேள்வியில் சொல்லவில்லை. அதை முதலில் பாருங்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது உங்கள் கோச் பின்வரிசையை எங்கே நிறுத்துகிறார் என்பது. நடுக்கோட்டுப் பக்கம் வரை ஏறி நிற்கும் அணி என்றால் பின்னால் கிட்டத்தட்ட அரை மைதானம் காலி. அங்கே விழும் பந்துக்கு 36 வயதுக்காரர் ஓடி ஜெயிக்க முடியாது, அனுபவம் அங்கே உதவாது. நீங்கள் பார்த்த வீடியோ அப்படிப்பட்ட ஆட்டமா? அப்படியென்றால் அதில் அவரை மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பந்தை அனுப்பிய எதிரணிக்காரனுக்கு நெருக்கடி கொடுக்காமல் முன்னால் நின்ற உங்கள் மிட்ஃபீல்டரையும் பாருங்கள். நிதானமாகத் தலை தூக்கிப் பார்த்துப் பந்தைப் போட அவனுக்கு நேரம் கிடைத்தால் எந்த வயது சென்டர் பேக்கும் மாட்டிக்கொள்வான்.

கேள்விக்குத் தொடர்பில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. டிஃபென்ஸில் எவர் தவறினாலும் ஸ்கோரில் கோல் வாங்கியவன் என்று கோல்கீப்பரைத்தான் பார்க்கிறார்கள். விதி எழுதுகிறவர்களும் முதலில் எங்களைத்தான் பிடித்தார்கள். 2025இலிருந்து கோல்கீப்பர் பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். நடுவர் கையைத் தூக்கிக் கடைசி ஐந்து நொடியை எண்ணிக் காட்டுகிறார். அப்போது த்ரோ எடுக்கப் போகிறவர் பந்தைத் துடைத்துத் துடைத்து நேரம் கடத்தினார், சப்ஸ்டிடியூட் ஆகிறவர் நடந்தே வெளியே போனார். அவர்களுக்கும் அன்றைக்கே அதே கணக்கை வைத்திருக்க வேண்டும். வேகமாகப் பந்தைக் கொடுக்கச் சொன்னால், அதை வாங்க ஒருவன் சரியான இடத்தில் வந்து நிற்க வேண்டாமா? அப்படி வந்து நிற்கிறவர்கள் பெரும்பாலும் அனுபவசாலிகள்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏன் இப்போதே சொல்ல வேண்டும் என்றால், ஒப்பந்தத்தில் ஆறு மாதம் பாக்கி இருக்கும்போதே வேறு கிளப்போடு பேசி ஒப்புக்கொள்ள ஃபிஃபா விதி இடம் கொடுக்கிறது. நல்ல ஆட்டக்காரரை வாயே திறக்காமல் காக்க வைத்தால் அவர் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது. சம்பளத்தைக் குறைத்துக் கேட்பதாக இருந்தாலும் முகத்துக்கு நேரே கேட்கட்டும். அவருக்குப் பக்கத்தில் எந்த இளைஞன், எத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறை ஓய்வு, அடுத்த கேப்டன் யார் என்பதையும் அதே உட்காரலில் பேசி முடிக்க வேண்டும்.

அவர் இரண்டு வருடம் கேட்டால்? அங்கே நான் கிளப்பின் பக்கம். ரியல் மாட்ரிட்டின் சென்டர் பேக்கும் கேப்டனுமான செர்ஜியோ ராமோஸ் 2021இல் 35 வயதில் இரண்டு வருடம் கேட்டார், கிளப் ஒரு வருடம்தான் தருவேன் என்றது. அவர் ஒப்புக்கொள்ள வந்தபோது கெடு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். பாரிஸில் இரண்டு வருடம் கிடைத்தது, முதல் சீசனின் பெரும்பகுதியைக் காயத்தில் கழித்தார். அவர் இல்லாமலேயே மாட்ரிட் 2022 சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. கிளப் அவரிடம் நடந்துகொண்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கணக்கு சரி. உங்கள் கிளப் ஒரு வருடம் உறுதியாகக் கொடுத்து, குறிப்பிட்ட எண்ணிக்கை ஆட்டங்கள் ஆடினால் இன்னொரு வருடம் தானாகச் சேரும் என்று எழுதலாம். உடம்பு தாங்கினால் அவருக்கும் அது லாபம்.

நீங்கள் ரசிகர் என்பதால் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மிலனுக்காக 902 ஆட்டம் ஆடிய மால்தினியை 2009இல் அவருடைய கடைசி ஹோம் ஆட்டத்தில் சொந்த ரசிகர்களில் ஒரு கூட்டமே ஊளையிட்டு அவமானப்படுத்தியது. அடுத்த சீசனில் உங்கள் கேப்டனும் ஏதாவது ஓர் ஆட்டத்தில் ஓட்டத்தில் தோற்பார், நிச்சயம் தோற்பார். அன்றைக்கு அந்த வீடியோவை வெட்டி எல்லோருக்கும் அனுப்பாதீர்கள்.