தேனீப் பெட்டியா, விடியற்காலை ஆறு மணியா?

கேள்வி: மதுரைப் புறநகரில் வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடம் இருக்கிறது. பூசணியும் பீர்க்கும் போட்டிருக்கிறேன். நிறையப் பூக்கிறது, ஆனால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. தேனீ, பட்டாம்பூச்சி எதையும் காணோம். ஒருவர் தேனீப் பெட்டியும் 'பட்டாம்பூச்சிச் செடிகளும்' சேர்த்து 9,500 ரூபாய்க்கு வைத்துத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

முதலில் பூசணி. பெண்பூவின் அடியில் கோலிக்குண்டு போல இருக்கிறதே, அது பூவோடு பிறந்த பிஞ்சு. காய் பிடித்துவிட்டது என்று அர்த்தமில்லை. மகரந்தம் வந்து சேராவிட்டால் நாலைந்து நாளில் மஞ்சளாகி விழும். பூசணிப்பூ விடியலில் மலர்ந்து, வெயில் ஏறும்போது சுருங்கத் தொடங்கிவிடும். காபி குடித்து, பேப்பர் படித்து, ஒன்பது மணிக்குத் தோட்டத்துக்குப் போகிறவர் கண்ணில் தேனீ எப்படிப் படும்? ஆறு மணிக்குப் போய் ஒரு பூவின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால், நீளக் காம்பில் நிற்கும் ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடுத்தண்டில் இருக்கும் மஞ்சள் பொடியைப் பெண்பூவின் நடுவில் தடவுங்கள். அவ்வளவுதான்.

பீர்க்கு கதை வேறு. அது சாயங்காலம் மலரும். சுரையும் புடலையும் இருட்டுகிற நேரத்தில். இருட்டிய பிறகு இவற்றைத் தேடி வருவது அந்துப்பூச்சிகள். அந்நேரம் பெட்டித் தேனீ ஒன்றுகூட வெளியே எட்டிப் பார்க்காது. பின்வாசலில் விடிய விடிய எரியும் எல்.இ.டி. விளக்கை அணைத்துப் பாருங்கள். அது எரிந்தால் அந்து பூவை விட்டுவிட்டு பல்பைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். விற்பவர் சொல்லாத சங்கதி: தேனீ உங்கள் காம்பவுண்டோடு நிற்காது, தீனி தேடி ஒரு கிலோமீட்டருக்கும் மேல் போகும். உங்கள் ஒன்றரை சென்ட் பூ ஒரு கூட்டத்தின் காலைப் பசிக்கே காணாது. கோடையில் பூ வற்றியதும் இந்தியத் தேனீ பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும். அதன் குணமே அது. உடனே அதே ஆள் "ராணி செத்துப்போச்சு, புதுக் கூட்டம் வைக்கலாம்" என்பார். நான் போன ஒரு வீட்டில், மாடியில் இருந்த காலிப் பெட்டிக்குள் பழைய செருப்பு வைத்திருந்தார்கள். இன்னொன்று, நோய். 1990-களின் தொடக்கத்தில் 'தாய்லாந்து சாக்புரூட்' (Thai sacbrood) என்ற, தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் தென்னிந்தியத் தேனீ வளர்ப்பையே படுக்க வைத்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத பெட்டி, அக்கம்பக்கத்துக் கூடுகளுக்கும் நோயைக் கொண்டுவரலாம். இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? எத்தனை பெட்டி விற்றது என்று விற்பவர் கணக்கு வைப்பார். ஆறு மாதம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று யாரும் போய் எண்ணுவதாகத் தெரியவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு: கொசுத்தேனீ. கொசு அளவுதான் இருக்கும், கொட்டாது. சுவர் வெடிப்பிலோ மீட்டர் பெட்டியிலோ மெழுகும் பிசினும் கலந்த ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால், அதன் வாயில் நாலைந்து குட்டித் தலைகள் காவல் இருந்தால், அது கொசுத்தேனீ வீடு. உங்கள் சுவரில் இருந்தால் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள். மீட்டர் பெட்டிக்குள்ளேயே இருந்து, மின்வாரிய ஆள் எடுக்கச் சொன்னால், தெரிந்த வளர்ப்பாளரை வைத்து, எல்லாத் தேனீயும் திரும்பியபின் இருட்டில் ஒரு பானைக்கு மாற்றுங்கள். அந்தக் குழாயையும் பெயர்த்துப் புதுப் பானையின் வாயில் ஒட்டி, பானையைப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். குழாய் இல்லாவிட்டால் வெளியே போனது வாசல் தெரியாமல் தவிக்கும். இப்படித் தானாக வந்த கூடு வைத்துக்கொள்ளத் தக்கது. காட்டில் மரத்தைப் பிளந்து எடுத்துவந்து விற்பதை வாங்காதீர்கள்.

அவர் தரும் செடிகள் என்னென்ன என்று பட்டியல் கேளுங்கள். உண்ணிச்செடியும் அடுக்குச் செம்பருத்தியும் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். முதலாவது நம் காடுகளை மூடிக்கொண்டிருக்கும் களை. இரண்டாவதில் இதழ்தான் அதிகம், பூச்சிக்குக் கிடைப்பது சொற்பம். செடி பளபளவென்று ஒரு பூச்சிக்கடி கூட இல்லாமல் இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்: வேரில் ஊற்றிய, செடிக்குள் ஊடுருவும் பூச்சிமருந்து தேனிலும் மகரந்தத்திலும் இறங்கும்.

பட்டாம்பூச்சி பல வகைப் பூக்களில் தேன் குடிக்கும். ஆனால் முட்டையைத் தன் செடியில்தான் இடும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தாலே போதும், இரண்டு மூன்று வகை வந்துவிடும். வேலியோரம் எருக்கு முளைத்தால் வெட்டாதீர்கள், வெந்தயவரியன் பட்டாம்பூச்சியின் புழு அதில் வளர்கிறது. தும்பையைக் களை என்று பிடுங்காதீர்கள். துளசிக் கதிரைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள்.

உலகத்துத் தேனீ இனங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு மண்ணில் வளை தோண்டுபவை. கத்தரிப்பூவை உதறி மகரந்தம் எடுக்கும் நீலப்பட்டைத் தேனீயும் அந்தச் சாதிதான். நாமோ வாசல் முதல் கொல்லை வரை பேவர் கல் பதித்துவிட்டு 'தேனீயைக் காணோம்' என்கிறோம். ஒரு மூலையில் நாலடிக்கு நாலடி வெறும் மண்ணாக, கொத்தாமல் விடுங்கள். வேப்பெண்ணெய் அடிப்பதானால் பொழுது சாய்ந்தபின், பூவில் படாமல் அடியுங்கள். இயற்கை மருந்து என்பதற்காக அது பட்டாம்பூச்சிப் புழுவை விட்டுவிடாது. கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டி தெருவில் வந்தால், உங்கள் கொல்லைக்குள் விட வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். கேட்பார்கள் என்று என்னால் உறுதி தர முடியாது. தொட்டியில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை நீங்களே கொட்டிவிட்டால், புகை அடிக்க அவர்களுக்கும் காரணம் குறையும்.

கறிவேப்பிலை இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் நசுக்காதீர்கள், அது பட்டாம்பூச்சிப் புழுவாக இருக்கலாம். தாளிக்க அடுத்த கிளையில் பறித்துக்கொள்ளுங்கள்.